ஜெல்லுக்குள் இறக்கும் ராமன் ப்ரோப்: ஜியோலைட் ஆய்வுக்கு எந்த அளவு தாங்கும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிகேட் படிகமான ஜியோலைட்டுக்குப் பொருந்தாது. ஆட்டோகிளேவை (அழுத்தத்தில் சூடாக்கும் மூடிய கலம்) திறந்து, ஆறவைத்து, கழுவி உலர்த்திய மாதிரி, உள்ளே வெந்துகொண்டிருந்த பொருளே அல்ல. அதனால்தான் படிகமாக மாறும் ஜெல்லுக்குள்ளேயே இறக்கும் ப்ரோப்களுக்கு (அளவிடும் குச்சிகளுக்கு) மவுசு. இங்கே எடைபோடுவது 785 நானோமீட்டர் லேசரும் நீலக்கல் உருண்டை லென்ஸ் முனையும் கொண்ட ஃபைபர் ராமன் ப்ரோப் வகையை. லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது அலைநீளம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதன் அமைப்பை அறிவதுதான் ராமன் முறை. அகச்சிவப்பு நிறமாலையில் 900 செ.மீ⁻¹-க்குக் (அலை எண் அலகு) கீழே தண்ணீரே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ராமனில் அந்தத் தொல்லை குறைவு.

முதல் சோதனைக்கு ஜியோலைட் ஏ போதும், அழுத்தக் கலமே வேண்டாம். 80 மி.லி. தண்ணீரில் 0.723 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் 8.258 கிராம் சோடியம் அலுமினேட், மறுபாதியில் 15.48 கிராம் சோடியம் மெட்டாசிலிகேட் பென்டாஹைட்ரேட். இரண்டும் தெளிந்ததும் சிலிகேட்டை அலுமினேட்டில் சட்டென்று ஊற்றினால் கெட்டியான ஜெல் வரும். 99 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம். தொடக்கத்தில் ராமன் நிறமாலையில் 500 செ.மீ⁻¹ அருகே அகன்று கிடக்கும் மேடு, படிகம் வளர வளர 490-இல் கூர்மையாகும். இந்த வேலையில் ப்ரோப் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

ஆனால் 490 கூர்மையானதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். படிகங்கள் நீலக்கல் முனைமீதே ஒட்டி வளரும்; அப்போது தெரிவது குடுவையின் கதை இல்லை, முனையில் படிந்த தோலின் கதை. முடிந்ததும் ப்ரோப்பை எடுத்து, துடைக்காமல் சுடுநீரில் வைத்து ஒரு நிறமாலை எடுங்கள். 490 அப்படியே நின்றால் படிவுதான். ஜியோலைட் ஏ நீர்த்த அமிலத்தில் கரைந்துவிடும். முனையைச் சுற்றிய உலோகம் சாதாரண 316 துருப்பிடிக்காத எஃகு என்றால் ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், சிட்ரிக் அமிலம் போதும்.

சறுக்கல் எம்எஃப்ஐ (MFI, இசட்எஸ்எம்-5 போன்ற ஜியோலைட்களின் படிக அமைப்பு) வகையில்தான். 170 டிகிரியில் சுமார் 8 பார் அழுத்தம், டெஃப்லான் உறை. படிகத்தின் அடையாளக் கோடுகள் 290, 380 அருகே. டெஃப்லானின் கோடுகளும் 291, 383 அருகேயே! போதாக்குறைக்கு நீலக்கல்லுக்கும் 378-இல் ஒன்று உண்டு. முனை உறைக்கு அருகில் இருந்தாலோ, டெஃப்லானால் ஆன கலக்கும் கருவி முன்னால் சுழன்றாலோ, விதைப் படிகமே போடாத கலவையிலும் ‘படிகம்’ தெரியும். 733-இல் கோடு எழுந்தால் அது டெஃப்லான்தான். சிலிக்கா இல்லாத கலவையை அதே வெப்பத்தில் ஓட்டி வெற்று நிறமாலை எடுக்காமல் எம்எஃப்ஐ பக்கம் போகவே கூடாது. நீலக்கல்லின் 418 கோடு மட்டும் ஒரு வகையில் உதவி: லேசர் திறன் இறங்குகிறதா என்று அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது முனை எப்படிப் பொருத்தப்பட்டது என்று முதலில் கேளுங்கள். தங்கப் பற்றவைப்பு நல்லது. எபாக்சி ஒட்டு சூடான காரத்தில் கழன்றுவிடும். விட்டான் (ஃபுளோரோ ரப்பர்) ஓ-வளையமும் காரத்துக்கு ஆகாது. 150 டிகிரிக்குள் ஈபிடிஎம் ரப்பர், அதற்கு மேல் பெர்ஃபுளோரோ ரப்பர்.

முதல் படிகக் கருக்களை இந்தப் ப்ரோப் காட்டும் என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். சிறிதளவு படிகம் ஜெல்லின் அகன்ற மேட்டுக்குள் மறைந்துவிடும். நான்கைந்து நேரப் புள்ளிகளிலாவது தனி மாதிரி எடுத்து எக்ஸ்-ரே விளிம்பு விளைவு (XRD) அளவீட்டோடு ஒப்பிட வேண்டும்.

சிங்கப்பூரில் இன்னொன்று: இரவில் குளிர்சாதனம் நிற்கும் ஆய்வுக்கூடங்களில் ஈரப்பதம் ஏறி, மறுநாள் குளிர்ந்த பாகங்களில் பனி படியும். ஃபைபர் முனைகளுக்கு மூடி போட்டு, உலர்த்தும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். லேசர் உரிமம் தேவையா என்பதைத் உரிய அரசு அமைப்பிடம் ஆர்டர் போடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.