கடலையா, ஜொள்ளா?

'கடலை போடுறது', 'ஜொள்ளு விடுறது' இரண்டுமே ஒருவர் மேல் வரும் ஈர்ப்பைக் கேலியாகச் சொல்ல, தமிழ்நாட்டுக் கல்லூரிப் பேச்சில் ஊறிய சொற்கள்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பொருள் கெடும்.

கடலை போட இரண்டு பேர் வேண்டும். 'அவன் அவகூட ரெண்டு மணி நேரமா கடலை போடுறான்' என்றால் அவளும் விரும்பிப் பேசுகிறாள் என்று பொருள். அதனால்தான் 'கூட', 'ஓட' என்ற உருபுகள் வருகின்றன. 'அவளைக் கடலை போட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. பேச்சில் சாரம் இருக்காது, நேரம்தான் கரையும். 'கடலை வறுக்கிறான்' என்பதும் இதுவே. பெண்ணுக்கும் ஆணுக்கும் பொது.

ஜொள்ளு ஒருதலை. வாயூறிப் பார்ப்பதுதான் அதன் மூலம், ஆகவே 'பார்த்து ஜொள்ளு விடுறான்' என்றே அமையும். எதிராளிக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம். திரையில் வரும் நடிகரைப் பார்த்தும் விடலாம். இழிவு கூடுதல்: 'கடலை மன்னன்' என்றால் சிரிப்பான், 'ஜொள்ளு பார்ட்டி' என்றால் முகம் சுருங்கும்.

இரண்டுக்கும் நடுவே 'வழியிறது' இருக்கிறது. அதற்கு 'கிட்ட' வேண்டும்: 'அவகிட்ட வழியிறான்'. பேச்சு உண்டு, ஆனால் ஆர்வம் ஒரு பக்கம் மட்டுமே.

விருப்பமில்லாதவரைத் தொடர்ந்து தொல்லை செய்வதற்கு இந்த மூன்றுமே பொருந்தாது. அதைச் சீண்டல் என்றே சொல்ல வேண்டும்.