வருகைப் பதிவு திரைக்கு வந்து மூன்று ஆண்டுகள்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துபோனது. வருகைப் பதிவேடுகள் எல்லாம் அங்கேதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை நான். பக்கங்களை மின்விசிறியின் கீழ் விரித்துக் காயவைத்த கையோடு, இணையத்தில் எல்லோரும் சேர்ந்து நிரப்பும் அட்டவணையான கூகுள் ஷீட்ஸுக்கு மாறினோம். அரசின் எஸ்ஏ-சாம்ஸ் மென்பொருளில் காலாண்டுக் கணக்கு தனியாக மேலிடத்துக்குப் போகிறது. இந்த ஷீட், அன்றைய சேதி அன்றே எனக்குத் தெரிவதற்கு.

முதல் பிழை என்னுடையது. ஆசிரியர்களின் வேலை குறையட்டும் என்று எல்லாக் கட்டத்திலும் 'வந்தார்' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. திரையிலோ முழு வருகை. ஜுரம் என்று சொல்ல அவனுடைய ஆயா வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றே கட்டங்களைக் காலியாக்கினேன். இப்போது ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு வெறுமையாக இருந்தால் நானே நடந்துபோய்க் கேட்கிறேன்.

இங்கே தீபாவளி பொது விடுமுறை இல்லை. அந்த ஆண்டு தீபாவளியன்று, வரவில்லை என்று திரையில் சிவப்பாகத் தெரிந்த பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் அழைத்து, முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த தாய்மாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளே 'பண்டிகை' என்றொரு குறியைச் சேர்த்தோம்.

பலன் என்றால் இதைச் சொல்வேன்: திங்கட்கிழமைகளில் ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு பிள்ளைகள் சேர்ந்தாற்போல் வராமல் இருந்தார்கள். நால்வரும் வேறு வேறு வகுப்பு. பழைய பதிவேடுகளில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. விசாரித்தால், நால்வருக்கும் ஒரே வேன். ஓட்டுநர் திங்களன்று வேறு சவாரி எடுத்துக்கொள்கிறார். பெற்றோர் பேசி வேறு வேன் பார்த்தார்கள்.

2023 மின்வெட்டின்போது ரூட்டர் அடிக்கடி செத்துப்போகும். கைப்பேசியில் இணையமின்றிப் பதியும் வசதியை முன்பே இயக்கி வைத்தவர்கள் தப்பித்தார்கள். மறந்தவர்கள் தாளில் எழுதினார்கள். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றபோதும் அந்தத் தாள்கட்டை நான் எறியவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அது மறுபடி வேலைக்கு வந்தது.

வேறு பள்ளிக்கு மாறிப்போகும் ஆசிரியர் ஷீட்டைத் திறப்பதற்கான அனுமதியை அன்றே நீக்குங்கள். தனிநபர் தகவல்களைக் காக்கும் போபியா சட்டம் இருக்கும் நாட்டில் நான் ஒருமுறை இரண்டு மாதம் மறந்துவிட்டேன்.

இன்னொன்று. திரை வந்த புதிதில் காலை நேரம் முழுக்க மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஏழரை மணிக்கு வாசலில் நிற்கிறேன், கைப்பேசி பைக்குள் இருக்கிறது.