லங்வொர்ட்: வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பலாமா?

ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில் மார்ச், ஏப்ரலிலேயே பூத்துவிடும் செடி லங்வொர்ட். அதில் ஆளைக் குழப்பும் ஜோடி ஒன்று உண்டு: பல்மொனேரியா அஃபிசினாலிஸ், பல்மொனேரியா அப்ஸ்க்யூரா. பின்னதை முன்னதன் துணையினம் என்றே பல தாவரவியலாளர்கள் வைத்திருந்தார்கள். பூவை வைத்துப் பிரிப்பது கஷ்டம். இரண்டுமே ரோஸ் நிறத்தில் விரிந்து, நாளாக ஆக நீலமாகும். இதழின் செல்சாற்றில் அமிலத்தன்மை குறைவதுதான் காரணம். அதனால் ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருக்கும்.

சரி, இலைக்கு வருவோம். அஃபிசினாலிஸ் இலையில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள். மேல்தோலுக்கு அடியில் சிறு காற்றிடைவெளிகள் இருப்பதால்தான் அந்த வெண்மை. புள்ளி விழுந்த இலை நுரையீரலைப் போலத் தெரிந்ததால், இருமலுக்கும் நெஞ்சு நோய்க்கும் இதுவே மருந்து என்று அக்கால ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். அப்ஸ்க்யூராவின் இலை வெறும் பச்சை. தொட்டால் இரண்டும் சொரசொரப்புதான். நம் ஊர்க் கவிழ்தும்பையும் இதே குடும்பம்.

ஆனால் புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை என்பேன். அப்ஸ்க்யூராவிலும் சில சமயம் மங்கலான வெளிர்பச்சைப் புள்ளி தெரியும். அஃபிசினாலிஸிலும் புள்ளி மங்கிய செடிகள் உண்டு. சந்தேகம் வந்தால் குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள். அஃபிசினாலிஸின் அடியிலைகள் பெரும்பாலும் பச்சையாகவே தாக்குப்பிடிக்கும். அப்ஸ்க்யூராவின் இலைகள் காய்ந்து மடிந்துவிடும். இதைவிட உறுதியான சாட்சி குரோமோசோம்: அஃபிசினாலிஸுக்கு 16, அப்ஸ்க்யூராவுக்கு 14. என்னைப் பொறுத்தவரை இவை தனித்தனி இனங்கள் என்பதற்கு இதுவே போதும்.

தோட்டத்துக்கு எது? யோசிக்கவே வேண்டாம், அஃபிசினாலிஸ். பூ முடிந்த பிறகும் இலையே அழகு, நிழலிலும் நன்றாக வரும். பிரிட்டனில் தோட்டத்திலிருந்து தப்பிப்போய் வெளியிலும் வளர்கிறது.

அப்ஸ்க்யூராவின் கதை அங்கே வேறு. ஐரோப்பாவின் வடக்கிலும் கிழக்கிலும் பரவலாக இருக்கும் இந்தச் செடி, பிரிட்டனில் சஃபோக் பகுதியின் சில பழமையான காடுகளில் மட்டுமே இயல்பாக வளர்கிறது. அந்தக் காடுகளின் ஓரத்தில் புள்ளிச் செடியைக் கொண்டுபோய் நடுபவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். இருப்பதே சில இடங்கள். அங்கே தோட்டச் செடியும் கலந்துவிட்டால் எது காட்டுச் செடி என்று கணக்கெடுப்பதே சிரமமாகிவிடும்.