பாஸ் புரொடெக்ஷன்: ஆளைப் பிடிப்பதா, இடத்தைக் காப்பதா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ஹைஸ்கூல் அணிக்கு பாஸ் புரொடெக்ஷனை, அதாவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி வந்து பிடித்துவிடாமல் காப்பதை, சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன: மேன் (ஆளுக்கு ஆள்), ஃபுல் ஸ்லைடு (ஆளுக்கு ஒரு இடம்), ஹாஃப் ஸ்லைடு (இரண்டும் கலந்தது). நிறைய கோச்சுகள் மேனில்தான் தொடங்குகிறார்கள். நான் ஃபுல் ஸ்லைடில் தொடங்கி ஹாஃப் ஸ்லைடில் போய் நிற்க வேண்டும் என்கிற கட்சி.

மேன் புரொடெக்ஷனை போர்டில் வரைந்தால் அதைவிட எளிது எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். எதிரணி 4-3 வரிசையில் (முன்னால் நாலு லைன்மேன்கள், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள்) நின்றால் அவர்களுடைய நாலு லைன்மேன்களையும் நடு லைன்பேக்கரான 'மைக்'கையும் நம் ஐந்து லைன்மேன்கள் (நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள்) ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள், மீதி இரண்டு லைன்பேக்கர்களும் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் (பந்தோடு ஓடுபவன்) பொறுப்பு, ஒருவன் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் அவனைத் தடுப்பான், இரண்டு பேருமே பாய்ந்தால் உள்பக்கமாக வருகிறவனை எடுத்துக்கொள்வான், வெளிப்பக்க ஆள் வந்து சேர்வதற்குள் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிட வேண்டும். பெரிய உடம்புக்குப் பெரிய உடம்பு என்பதுதான் இதன் பலம். எடை குறைந்த ரன்னிங் பேக் 4-3 அணியின் ஓரத்து லைன்மேனான டிஃபென்சிவ் எண்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எதிரணி அசையத் தொடங்கினால்தான் சிக்கல். ஸ்னாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் கணத்துக்கு, சற்று முன்னால் 4-3 வரிசை 3-4 ஆக (மூன்று லைன்மேன்கள், நாலு லைன்பேக்கர்கள்) மாறினால் யார் மைக் என்பதையே மறுபடி எண்ண வேண்டும். தொழில்முறை லீக்கில் ஆடிய குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் ஒவ்வொரு ஆட்டத்திலும் கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்ததில் இந்த வேலையும் அடக்கம். 16 வயதுப் பையனிடம், அதுவும் பக்கத்தில் இருப்பவன் சொல்வதே காதில் விழாத வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்தின் கூச்சலில், அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அப்புறம் ட்விஸ்ட். எதிரணியின் டிஃபென்சிவ் டேக்கிளும் (உள்பக்க லைன்மேன்) எண்டும் குறுக்கே மாறி ஓடினால், என் ஆள் என் ஆள் என்று துரத்தும் நம் கார்டும் டேக்கிளும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் டிக் லெபோ என்ற கோச் வளர்த்தெடுத்த ஸோன் பிளிட்ஸ் குறிவைத்ததும் இந்த இடத்தைத்தான்: லைன்மேன் ஒருவன் பாய்வதுபோல் நின்று பின்வாங்கிவிடுவான், அவனுக்காகக் காத்திருந்த நம் ஆள் வெறுங்கையோடு நிற்க, வேறு பக்கத்திலிருந்து ஒரு லைன்பேக்கர் தடையில்லாமல் உள்ளே வந்துவிடுவான்.

3-4 வரிசையில் மேன் விதி இன்னொரு வம்பையும் இழுத்துவிடும். வெளிப்பக்க லைன்பேக்கர் வழக்கமான விதிப்படி ரன்னிங் பேக்கின் கணக்கில் போய்விடுவான். நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் அந்த இடத்தில் நின்றபோது எந்த ரன்னிங் பேக்காலும் அவரைச் சமாளிக்க முடியவில்லை. 1982 ஜனவரியில் நடந்த பிளேஆஃபில் எதிரணியான சான்ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸின் கோச் பில் வால்ஷ் அந்தப் பொறுப்பை ஜான் ஏயர்ஸ் என்ற கார்டிடம் கொடுத்தார், 49யர்ஸ் 38-24 என்று ஜெயித்தது. அருமையான தீர்வு. ஆனால் அது ஒரே ஒரு ஆளுக்காக வாரம் முழுக்க உட்கார்ந்து யோசித்த தீர்வு, அந்த அளவு நேரம் ஹைஸ்கூலில் யாருக்கும் கிடைக்காது.

ஃபுல் ஸ்லைடில் ஆளே கணக்கில்லை, இடம்தான் கணக்கு. கல்யாணப் பந்தியில் இந்த வரிசை உன்னுடையது என்று சொல்லிவிட்டால், அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் பரிமாற வேண்டியது அவன்தானே, அது மாதிரி. லைன்மேன்களுக்கு இடையிலுள்ள சந்துதான் கேப்: சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, டேக்கிளுக்கு வெளியே சி. இடப்பக்கம் ஸ்லைடு என்றால் சென்டருக்கு இடது ஏ-கேப், இடது கார்டுக்கு பி-கேப், இடது டேக்கிளுக்கு சி-கேப், வலது கார்டுக்கு வலது ஏ-கேப், வலது டேக்கிளுக்கு வலது பி-கேப். ஐந்து பேரும் ஒரே திசையில் முதல் அடி வைப்பார்கள், வலது வெளியோரம் ரன்னிங் பேக்குடையது. 4-3, 3-4 எதுவானாலும் விதி மாறாது. ட்விஸ்ட் வந்தாலும் ஸோன் பிளிட்ஸ் வந்தாலும் தன் இடத்துக்குள் நுழைகிறவனைத் தடுத்தால் போதும்.

இதன் குறையும் பெரியதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. வெளியோரத்தில் ரன்னிங் பேக்குக்கு எதிரே நிற்பது பெரும்பாலும் டிஃபென்சிவ் எண்ட். அந்தப் பக்கம் இரண்டு பேர் பாய்ந்தால் ஒருவன் தடையில்லாமல் வருவான். அதனால் ஃபுல் ஸ்லைடை மூன்று ஸ்டெப் டிராப் (குவார்ட்டர்பேக் மூன்றே அடி பின்வாங்கி எறிவது), பிளே ஆக்ஷன் (ஓடப்போவதுபோல் ஏமாற்றிவிட்டு எறிவது) என்று பந்து சீக்கிரம் போகிற அல்லது எதிரணி ஒரு கணம் தயங்குகிற ஆட்டங்களோடு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் டவுன் (நாலு முயற்சிகளில் மூன்றாவது), 12 கெஜம் பாக்கி என்று நீளமாக எறிய வேண்டிய நிலையில் இதை அழைப்பது அந்த ரன்னிங் பேக் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

இங்கேதான் ஹாஃப் ஸ்லைடு வேண்டும். ரன்னிங் பேக் வலப்பக்கம் நின்றால் சென்டரும் இடது கார்டும் இடது டேக்கிளும் இடப்பக்கம் ஸ்லைடு செய்வார்கள், வலது கார்டும் டேக்கிளும் தங்களுக்கு எதிரே இருக்கும் லைன்மேன்களை மேன் முறையில் பிடிப்பார்கள், அந்தப் பக்க லைன்பேக்கரை ரன்னிங் பேக் உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் பார்ப்பான். டிஃபென்சிவ் எண்டிடமிருந்து அவனுக்கு விடுதலை. ட்விஸ்டை மாற்றிக்கொள்ளப் பழக வேண்டியவர்களும் ஐந்து பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைந்துவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. பலவீனம் சென்டருக்கும் மேன் பக்கக் கார்டுக்கும் நடுவில் இருக்கிற வாசல். இரண்டு லைன்பேக்கர்கள் இரண்டு ஏ-கேப்பிலும் வந்து நிற்கும் தோற்றத்தை மைக் ஸிம்மர் கோச்சாக இருந்த மினசோட்டா வைகிங்ஸ் அணி அடிக்கடி காட்டியது. அப்படி நின்றால் ரன்னிங் பேக் முதலில் பார்க்க வேண்டியது அந்த வாசலைத்தான், வெளியோரத்தை அல்ல.

நேரக் கணக்கையும் பாருங்கள். சீசனில் கல்லூரி அணிகளுக்கே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் தருகிறது. ஹைஸ்கூலில் பாடம் முடிந்து வரும் பையன்கள், சின்னப் பள்ளியென்றால் அதே பையன்தான் டிஃபென்ஸிலும் ஆடுவான். அதனால் என் வரிசை இது. முதலில் எதிராளே இல்லாமல் குப்பைத்தொட்டிகளை நிறுத்தி, ஸ்லைடின் முதல் அடியை மட்டும் பழக்க வேண்டும், தொட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்து யாருடைய கேப்பில் எது நிற்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அது கைவந்த பிறகு ஒரு பக்கத்தை மேனாக மாற்றினால் ஹாஃப் ஸ்லைடு வந்துவிடும், முக்கால்வாசி ஏற்கெனவே தெரிந்ததுதான். முழு மேனைப் புத்தியுள்ள, அனுபவமுள்ள சென்டர் கிடைக்கும் வருஷத்துக்கு ஒதுக்கிவைக்கலாம்.

குவார்ட்டர்பேக்கையும் ரன்னிங் பேக்கையும் தனியாக எறிந்து விளையாட விட்டுவிட்டு லைன்மேன்களுக்கு மட்டும் இதை நடத்தாதீர்கள். எந்த முறையிலும் தடுக்க ஆளில்லாமல் மிஞ்சப்போகும் ஒருவன் இருப்பான். ஸ்னாப்புக்கு முன் குவார்ட்டர்பேக் அவனைக் காட்டி, அவன் வந்தால் பந்து யாரிடம் போகும் என்று லைன்மேன்கள் காதுபடச் சொல்ல வேண்டும், நடந்தபடியே ஒத்திகை பார்க்கும் வாக்த்ரூவில் ஒவ்வொரு தடவையும்.