பழைய மரம் வாங்குகிறீர்களா: தேக்கா, முதிரையா, சவண்டலையா, பாலையா?

திருகோணமலையில் பழைய வீடு ஒன்று இடிபடுகிறது என்று காதில் விழுந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "தேக்கு இருக்கா?" தேக்கு நல்ல மரம்தான், அதில் சண்டையில்லை. ஆனால் அது ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த மரம். நம் பக்கத்து வறண்ட காட்டில் தானாக விளைந்த முதிரையும் சவண்டலையும் பாலையும் அதே குவியலில் பெயிண்டும் தூசியும் அப்பிக் கிடக்கும், சிலவேளை விறகோடு விறகாகப் போய்விடும். என்னைக் கேட்டால் வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு முதலில் தேட வேண்டியது சவண்டலை.

எது எது என்று கண்டுபிடிக்க மேல் நிறத்தை நம்பாதீர்கள், ஐம்பது வருஷம் வெயில் பட்டால் எல்லா மரமும் ஒரே சாம்பல்தான். தலைப்பக்கத்தில் விரல் அளவு அரிந்துவிட்டு அந்தப் புது முகத்தைக் கூரான உளியால் சீவிப் பாருங்கள். தேக்கில் வளையம் வளையமாக ஓட்டைகள் வரிசை கட்டி நிற்பது கண்ணுக்கே தெரியும், தொட்டால் மெழுகு பூசினதுபோல் இருக்கும், தோல் பொருள் மாதிரி ஒரு வாசமும் வரும். முதிரை இளமஞ்சள், சாய்த்துப் பிடித்தால் பட்டுச்சேலை மாதிரி மினுங்கும். சவண்டலை கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு, நார் நேராக ஓடும். பாலையும் சிவப்புத்தான், ஆனால் தூக்கினவுடனேயே கை சொல்லிவிடும். சந்தேகமென்றால் அரிந்த துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள்: காய்ந்த தேக்கு மிதக்கும், பாலை அடியில் போய் உட்காரும், முதிரை ஏறக்குறைய முழுக்க அமிழ்ந்து நிற்கும்.

அழகில் முதிரைக்குப் பக்கத்தில் எதுவும் வராது. பலத்திலும் குறைந்ததில்லை, கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற அதே மகாவலிக்குக் குறுக்கே பேராதனையில் 1833இல் 205 அடி நீள ஒற்றை வளைவுப் பாலம் ஒன்றை முதிரையாலேயே கட்டினார்கள், அது 1905 வரை நின்றது. ஆனால் இதன் தூள் பொல்லாதது. எல்லாருக்கும் இல்லை, ஒத்துக்கொள்ளாதவருக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து கொப்பளிக்கும், ஒருமுறை பிடித்தால் அடுத்தமுறை கொஞ்சத் தூளே போதும். நம்மூர் வெக்கையில் வியர்வையோடு தூள் தோலில் ஊறுவதால் இன்னும் மோசம். முழுக்கைச் சட்டை போடுங்கள், முகத்தைத் துடைக்கும் முன் கையைக் கழுவுங்கள், கொரோனா காலத்து நீல மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு சாண்ட் பேப்பர் போடாதீர்கள், என்95 வேண்டும். தேக்குத் தூளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைவிட, எந்த மரத்தூளானாலும் புற்றுநோய் வரவைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. "நாற்பது வருஷமா மூச்சில இழுக்கிறன், எனக்கொண்டும் செய்யேல்லை" என்று சொல்கிற ஓடாவிமார், அதாவது தச்சர்கள், எல்லா ஊரிலும் உண்டு, அவர்களோடு வாதாடாமல் மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சவண்டலைக்கு அந்த மினுக்கம் கிடையாது. ஆனால் பாரம் தாங்கும், வளைந்து கொடுக்கும், முதிரைபோல் நார் பின்னிக்கொண்டு சீவுளிக்குப் பிய்யாது. வெள்ளைக்காரர் காலத்தில் நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, சென்னையில் அலையைக் கடக்கிற மசூலாப் படகுகளுக்குப் பலகையானதும், வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர் வாங்கியதும் இதுதான். கதவு நிலை, யன்னல், மேசைக்கால் எதற்கும் நம்பி எடுக்கலாம். தேக்கோடு ஒப்பிட்டால் ஒரு குறை: தேக்கு மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் இருக்கும், சவண்டலை கொஞ்சம் அசையும். அதனால் அரிந்த கையோடு பூட்டாமல் நிழலில் அடுக்கிக் காற்றுப் பட விடுங்கள், கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலத்தில் இறுக்கமாகப் பூட்டின கதவு மாரியில் திறக்காது. பாலை? தூணாக, வேலிக் கட்டையாக வையுங்கள், கறையானே தோற்றுப்போகும். மேசை செய்யப் போனால் வாளின் பல்லுத்தான் போகும்.

எந்த மரம் என்பதைவிட எங்கிருந்து வந்தது என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டு மரத்தில் ஆணி, அதுவும் கடற்காற்றில் தலை கரைந்து உள்ளே மட்டும் இருக்கும் ஆணி. காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க ஓட்டுங்கள், கறுத்த புள்ளி தெரிகிற இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். யுத்தம் நடந்த இடத்து மரமென்றால் ஷெல் துண்டையும் சன்னத்தையும் (துப்பாக்கிக் குண்டு) உள்ளே மூடி மரம் வளர்ந்திருக்கும், ஈயச் சன்னத்தைக் காந்தம் பிடிக்காது, உலோகம் கண்டுபிடிக்கிற கருவி இருந்தால் நல்லது. சுனாமியில் அடிபட்ட மரத்தில் வெடிப்புக்குள்ளே மணல் இருக்கும், இரும்புத் தூரிகை போட்டபின் சீவுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சூடாக்காமல், உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டினதைப் பிள்ளைகள் நடமாடாத இடத்தில் கட்டி வையுங்கள். கறுத்து எண்ணெய் மணக்கிற ரெயில் சிலிப்பர் கட்டையை மட்டும் வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம், துண்டை அடுப்பிலும் வைக்க வேண்டாம், மரம் உக்காமலிருக்கப் போடும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியிருக்கும்.

காசு கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று: இடித்த வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி, லொறியில் ஏற்றுவதற்கு முன் வன இலாகா அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். முதிரையைக் கண்டால் சோதனைச் சாவடியில் பழசா புதுசா என்ற கேள்வி கட்டாயம் வரும்.