கைண்ட் ஆஃப் ப்ளூ: ஜாஸ் கேட்கத் தொடங்க இதை வாங்கலாம், பதிப்பைப் பார்த்து

ஜாஸில் ஒரே ஒரு ஆல்பம் வாங்குவதென்றால் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை வாங்குங்கள். புகழுக்காகச் சொல்லவில்லை. ஜாஸ் கலைஞர்கள் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பது எப்படி என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பதிவு வேறில்லை. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாளில், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானது. மைல்ஸ் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸ், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸ், பில் எவன்ஸ் பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், ஜிம்மி காப் ட்ரம்ஸ். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் பியானோ வின்டன் கெல்லி.

முதலில் பதிப்பு. முதல் நாள் ஒலிப்பதிவில் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். அதனால் பழைய எல்பிகளில் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் பல ஆண்டுகள் ஏறிய சுருதியிலேயே விற்றன. அதே நாளில் இன்னொரு இயந்திரத்தில் எடுத்த உபரி டேப் சரியாக இருந்தது. 1992இல் அதைக் கொண்டு திருத்தினார்கள். 1997இலிருந்து கொலம்பியாவின் சாதாரண சிடியிலும் திருத்தம் வந்துவிட்டது. மலிவுப் பதிப்பு என்றால் எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். சோதிப்பது எளிது: சுருதிப் பெட்டியில் 2 கட்டை வைத்து முதல் உருப்படியான ‘சோ வாட்’டை ஓடவிடுங்கள். திருத்திய பதிப்பு ஒட்டி நிற்கும். திருத்தாதது இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

சுருதிப் பெட்டியை அணைக்க வேண்டாம், அடுத்த வேலைக்கும் அது உதவும். ‘சோ வாட்’ 32 பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) கொண்ட சுற்று, பாருக்கு 4 அடி. முதல் 16 பார் 2 கட்டையில், கரகரப்பிரியாவின் ஸ்வரஸ்தானங்களில். அடுத்த 8 பார் அதே ஸ்வரங்கள் அரைக் கட்டை மேலே. கடைசி 8 பார் மறுபடி 2 கட்டை. கமகமும் ராக லட்சணமும் இல்லாததால் இதை ராகம் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் காதுக்கு வழி தெரியும். புதிதாகக் கேட்பவர் கணக்கைத் தொலைப்பது ஓரிடத்தில்தான்: ஒரு சுற்றின் கடைசி 8 பாரும் அடுத்ததன் முதல் 16 பாரும் சேர்ந்து 24 பார் ஒரே இடத்தில் ஓடும். எண்ணிக்கொண்டிருக்காமல் அந்த அரைக் கட்டை ஏற்றத்தைப் பிடியுங்கள். மைல்ஸ், கோல்ட்ரேன், கேனன்பால் மூவருக்கும் இரண்டிரண்டு சுற்று, எவன்ஸுக்கு ஒன்று. மைல்ஸ் தொடங்கும் கணத்தில், சுமார் ஒன்றரை நிமிடத்தில், காப் தட்டும் சிம்பல் நீண்டு ஒலிப்பதைத் தவறவிடாதீர்கள். ஸ்டீரியோவில் கோல்ட்ரேன் இடது காதிலும் கேனன்பால் வலது காதிலும் வருவார்கள். யார் வாசிக்கிறார் என்ற குழப்பம் இருக்காது.

‘சோ வாட்’ மெட்டின் தொடக்கத்தில் பாஸ் ஒரு வரி கேட்க, மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்கிறார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பதில் பாடும் இந்த முறை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. வயல்வேலைப் பாட்டிலும் கறுப்பினத் தேவாலயங்களிலும் உயிர்தரித்தது. சிறுவயதில் ஆர்கன்சாவில் கேட்ட தேவாலயப் பாட்டையும், கினியா நாட்டு நடனக்குழு நிகழ்ச்சியில் கேட்ட விரல்பியானோவையும் இந்த ஆல்பத்தில் கொண்டுவர நினைத்ததாக மைல்ஸே சுயசரிதையில் சொல்கிறார். நினைத்தது முழுதாக வரவில்லை என்றும் சொல்கிறார். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ஆல் ப்ளூஸ்’ இரண்டும் 12 பார் சுற்றில் வரும் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசை வடிவம், அதே வேரின் இன்னொரு கிளை. ஆல்பத்தில் சாதாரணமானது ‘ஃப்ரீலோடர்’தான், கெல்லியின் துள்ளலைத் தவிர.

எனக்கு உச்சம் ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’. எழுதிய மெட்டே இல்லை. ஐந்து ஸ்கேல்கள் (ஸ்வர வரிசைகள்) ஒன்றன்பின் ஒன்றாக: சி-யில் (மேற்கத்தியப் பெயர், நம் 1 கட்டை) சங்கராபரணம் போல ஒன்று, ஏ ஃப்ளாட்டில் ஹரிகாம்போஜி போல, பி ஃப்ளாட்டில் மீண்டும் சங்கராபரணம், பிறகு டி-யில் ஸ்பானிய வாடை, கடைசியில் ஜி மைனர். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவர் விருப்பம். 1997 சிடியில் இதன் இன்னொரு முழு டேக்கும் (தனியாக மறுமுறை வாசித்த பதிவு) உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: பாதை அதுவே, வாசிப்பு வேறு. அந்த டேக் இல்லாத பதிப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு சிடி கொண்ட லெகசி பதிப்பில் 1960இல் ஹாலந்து மேடையில் வாசித்த ‘சோ வாட்’டும் இருக்கிறது. வேகம் அதிகம், நீளம் 17 நிமிடத்தைத் தொடும். பணம் இருந்தால் அதையே வாங்கலாம்.

பழைய எல்பி வாங்குபவர்கள் கடையிலேயே முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிடுங்கள். பியானோவும் பாஸும் தாழ்ந்து பேசும் இடம். தேய்ந்த தட்டின் இரைச்சல் அங்கேதான் முதலில் தெரியும்.

அடுத்து கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பம். அதே 1959 மே மாதம் பதிவான தலைப்பு உருப்படியில் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) பெரும்பாலும் இரண்டு அடிக்கு ஒருமுறை மாறும். ‘சோ வாட்’ பழகியபின் கேட்டால்தான் அந்த ஓட்டம் பிடிபடும்.