48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம்: பெட்டியை நம்பி ஏமாந்த கதை

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்களுக்குப் பாலக்காட்டைவிடக் கோயம்புத்தூர்தான் கடைத்தெரு. துணியும் நகையும் மோட்டார் உதிரிப் பாகமும் வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிப் போய்த்தான் வாங்கி வருவோம். அந்தப் பழக்கத்திலேயே கடந்த மாதம் அப்பாவுக்கு ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா வாங்கப் போய், 9,800 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இதே பெட்டியை இதே பேச்சோடு விற்கும் கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கும் என்பது இன்னொன்று.

அப்பாவுக்கு வயது 71. தோட்ட வேலையில் காய்த்துப்போன விரல்களுக்குக் கைப்பேசியின் தொடுதிரை கட்டுப்படுவதில்லை. நான்கு முறை அழுத்தினால் ஒரு முறை படம் விழும். ஃபிலிம் கேமரா பழகிய கை என்பதால், அழுத்த ஒரு பொத்தானும் தூரத்துப் பொருளைக் கிட்டே கொண்டுவர ஒரு ஜூமும் இருந்தால் போதும் என்றார். தினசரிப் படங்கள்தாம்: பேத்தி, தென்னந்தோப்பு, பனை மரத்தில் வந்து உட்காரும் மயில்.

கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியில் ‘48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன்மேல் 18,999 ரூபாய் என்று ஒரு விலை ஸ்டிக்கர். “உங்களுக்காகப் பாதி விலைங்க, பெரிய கம்பெனிக் கேமராவே 20 மெகாபிக்சல்தானுங்க” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. விலை உயர்ந்த நல்ல காம்பாக்ட் கேமராக்கள், அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள், பலவும் 20 மெகாபிக்சல்தான். ஆனால் அவற்றில் ஒளியை வாங்கிப் படமாக்கும், பெயரளவில் ‘1 இன்ச்’ எனப்படும் சென்சார் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர் பரப்புடையது. சாதாரண காம்பாக்டின் சென்சார் அதில் நான்கில் ஒரு பங்குதான். வெளிச்சம் குறைந்த திண்ணையிலும் முகம் தெளிவாக விழுவது அந்தப் பரப்பினால்தானே தவிர, மெகாபிக்சல் எண்ணிக்கையால் அன்று. இதையெல்லாம் நான் படித்தது பணம் கொடுத்த பிறகு.

வீட்டுக்கு வந்த அன்று மாலையே குட்டு உடைந்துவிட்டது. பனைமேல் இருந்த மயிலை நோக்கி அப்பா ஜூம் பொத்தானை அழுத்தினார். திரையில் மயில் பெரிதானது, ஆனால் லென்ஸ் இருந்த இடத்தைவிட்டு ஒரு நூலளவும் நகரவில்லை. “ஏங் கண்ணு, குழலு வெளியவே வரலியே?” என்று முதலில் கேட்டவர் அவர்தான். எடுத்த படத்தைக் கணினியில் திறந்தால், மயிலின் கழுத்து நீலமும் பச்சையுமான சதுரக் கட்டங்களாகத் தெரிந்தது. அது டிஜிட்டல் ஜூம். படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து இழுத்துப் பெரிதாக்குவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. 16 மடங்கு என்றால் நீளத்திலும் அகலத்திலும் 16-ல் ஒரு பங்கு, அதாவது மொத்தப் பரப்பில் 256-ல் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 48 மெகாபிக்சல், அதாவது 4.8 கோடிப் புள்ளிகள், உண்மையாகவே இருந்திருந்தாலும் மயிலுக்குக் கிடைப்பது 1,87,500 புள்ளிகள். அந்த 48-ம் பொய். மெனுவில் 8 மெகாபிக்சல் என்று வைத்து ஒரு படமும், 48 என்று வைத்து அதே இடத்தில் இன்னொரு படமும் எடுத்து, தென்னை ஓலையின் கீற்றுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவதில் கோப்பு பெருத்திருந்ததே தவிர, ஒரு கீற்றுகூட அதிகமாகத் தெரியவில்லை. இல்லாத புள்ளிகளை மென்பொருள் தானே இட்டு நிரப்பியிருக்கிறது. ஃபிளாஷ் என்று சொன்னதும் டார்ச் போல எரிந்துகொண்டே இருக்கும் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்குதான்.

லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைப் படித்திருந்தால் கடையிலேயே பிடித்திருக்கலாம். லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் உண்மையான ஆப்டிகல் ஜூம் உள்ள காம்பாக்டில் பெரும்பாலும் ‘5.0–40.0 மி.மீ.’ என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது எத்தனை மடங்கு என்ற கணக்கு, இங்கே எட்டு. நான் வாங்கியதில் அந்த எண்களே இல்லை. ‘16 எக்ஸ்’ என்ற அலங்கார எழுத்துதான் இருந்தது. கேமராவை ஒரு முறை இயக்கி, ஜூம் செய்யும்போது லென்ஸ் குழல் நீள்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் பெட்டியோடு எடுத்து வந்தது என் தவறு. உலகம் முழுவதும் 2010-ல் பத்துக் கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட காம்பாக்ட் கேமராக்கள், கைப்பேசிக் கேமரா பரவிய பிறகு 2023-ல் இருபது லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. பெரிய நிறுவனங்கள் விலை குறைந்த மாடல்களை ஏறக்குறையக் கைவிட்டுவிட்ட அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட பெட்டிகள் நுழைந்திருக்கின்றன.

மறுநாள் திரும்பக் கொண்டுபோனேன். “வித்த பொருளைத் திருப்பி எடுக்கிறதில்லைங்க, பில்லுலயே போட்டிருக்கு” என்றார்கள். அப்போதுதான் அந்தத் தாளைச் சரியாகப் பார்த்தேன். அது பில்லே அல்ல, உத்தேச விலையை மட்டும் எழுதித் தரும் ‘எஸ்டிமேட்’. ஜி.எஸ்.டி. எண் இல்லை, பதிவு பெற்ற தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும் 15 எழுத்து எண் இருந்திருக்க வேண்டும். வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, 18 சதவீதம் கூடுதலாகும் என்று சொல்லி என் வாயை அடைத்திருந்தார்கள். பெட்டியில் அச்சிடும் அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உட்பட்டது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் இறக்குமதியாளரின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. இவை இல்லாமல் இறக்குமதிப் பொருளைப் பொட்டலமாக விற்கவே கூடாது. வாரண்டி அட்டையில் கடையின் ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது.

கிளம்பும்போது உள்ளே இருந்த ஒருவர், “கேரளாவுல இருந்து இங்க வந்து கேஸுக்கு அலையப் போறீங்களா?” என்று கேட்டார். எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவன் ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கொண்டு மறுபடி வரமாட்டான் என்ற கணக்கு அது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு அது பாலக்காடு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். பில் தராமல் விற்பதையும், பில்லில் கால வரம்பு சொல்லாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பில் இல்லாத குறையை ஈடுகட்ட, கடையின் பெயர் காட்டும் யு.பி.ஐ. பரிவர்த்தனைப் பதிவு, எஸ்டிமேட் தாள், பெட்டியின் ஆறு பக்கங்களின் படம், 8-க்கும் 48-க்கும் வித்தியாசமில்லாத அந்த இரண்டு தென்னை ஓலைப் படங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அந்தக் கடையில் வாங்கியதற்குச் சான்றாக எஸ்டிமேட் தாள் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

பதிவு செய்த நான்காம் நாள் கடையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு டிரைபாடும் கேமராப் பையும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். நேற்று மறுபடி அழைத்து, முதலில் புகாரைத் திரும்பப் பெறுங்கள், பிறகு பணத்தைத் தருகிறோம் என்றார்கள். 9,800 ரூபாயும் கணக்கில் ஏறிய பிறகு திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் ஏறாவிட்டால் பாலக்காட்டு ஆணையத்துக்கான மனு தயாராக இருக்கிறது.